காவிரிப் படுகைக் கல்லூரிகள்: நிலம் கொடுத்தவர்கள் வரலாறா, படிக்க வந்தவர்கள் வரலாறா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் ஒரு மலர் வெளியிடப்போகிறது. வரலாற்றுக் கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கையில் கொடுத்த கோப்பைத் திறந்தால் அடிக்கல் நாட்டியவர், நிலம் கொடுத்த குடும்பம், முதல்வர்களின் பெயர் வரிசை, எந்த ஆண்டில் எந்தத் துறைக்குக் கட்டடம் வந்தது என்ற பட்டியல், அவ்வளவுதான் இருக்கிறது. இதை அப்படியே அச்சடித்தால், வாங்குகிறவர்கள் தங்கள் படம் வந்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பரணில் போட்டுவிடுவார்கள்.

பழைய தஞ்சை ஜில்லாவில் கல்லூரிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? யார் வீட்டுப் பிள்ளைகள் முதலில் உள்ளே போனார்கள், யார் காத்திருந்தார்கள்? எதில் ஏறி வந்தார்கள், எப்போது கட்டணம் கட்டினார்கள்? இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஊர்க் கல்லூரியைப் பற்றி அறிந்ததை எழுதுங்கள். "எங்கள் கல்லூரிதான் முதல்" என்ற சண்டை மட்டும் வேண்டாம்.

குடந்தைத் தமிழாசிரியர் எழுதியது:

சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்தப் பேச்சை எடுத்தால் எப்படித் தம்பி? முதல் என்றால் கும்பகோணம்தான். 1854 அக்டோபர் 19 அன்று மாகாணப் பள்ளியாகத் தொடங்கியது. 1867இல் கல்லூரியானது. 1877இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த போர்ட்டரும் அவருக்குப் பின் கோபாலராவும் அதை வளர்த்தார்கள். ஊரில் இன்றும் போர்ட்டர் பெயரில் டவுன்ஹால் இருக்கிறது. "தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்" என்ற பெயர் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

கல்லூரி என்றதும் எல்லோரும் இராமானுஜனைச் சொல்வார்கள். அவர் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணிதம் தவிர வேறெதையும் படிக்காமல் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. கல்லூரி அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்று குறை சொல்வது எளிது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே, பள்ளி மாணவராக இருந்தபோது, கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. நண்பர் ஒருவர் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பிரதி அது. வகுப்பறை செய்யாததை அந்த நூலகம் செய்தது.

எனக்கு அவரைவிட உ.வே.சாமிநாதையர் கதைதான் முக்கியம். தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அந்தத் தமிழாசிரியர் இடத்துக்கு 1880இல் ஐயர் வந்தார். அதுவரை அவர் திருவாவடுதுறை மடத்துப் புலவர். மடத்தில் தங்கியிருந்தால் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமும் பாடம் சொல்லிக்கொண்டு காலம் தள்ளியிருப்பார். கல்லூரி வேலையால் ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். "சிந்தாமணி படித்ததுண்டா?" என்று அவர் கேட்டதில் தொடங்கியது எல்லாம். 1887இல் சீவக சிந்தாமணி அச்சாயிற்று. 1903 வரை ஐயர் இங்கேதான் பாடம் சொன்னார்.

ஆகவே உங்கள் மலரில் கும்பகோணத்துக்குத் தனி அத்தியாயம் கொடுங்கள்.

கீழத்தஞ்சை எழுதியது:

ஐயா, அத்தியாயம் கொடுக்கட்டும். அந்தக் கேம்பிரிட்ஜில் பெஞ்சில் உட்கார்ந்தது யார் என்பதையும் அதே அத்தியாயத்தில் எழுதட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பெரும்பாலும் பிராமண மாணவர்கள், அவர்களுக்குப் பிறகு நிலம் வைத்திருந்த சில சாதிகள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு எதிரே காவிரியில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாள் முறை எப்படி இருந்தது என்பது இங்கே எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். பண்ணையாளை நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்ததே 1952இல்தான். அதற்கு முன் அவன் மகன் கல்லூரிக்குப் போவது என்பது மிராசுதாரின் மாட்டுக்கு யார் வைக்கோல் போடுவது என்ற கேள்வியில் முடிந்துவிடும். நிலம் கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டுகிறீர்கள். அந்த நிலத்தின் வருமானம் யாருடைய கூலியிலிருந்து மிச்சமானது என்று ஒரு வரி சேருங்கள், போதும்.

குடந்தைத் தமிழாசிரியர் எழுதியது:

கீழத்தஞ்சைத் தம்பிக்கு: நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த ஜில்லாவில் அறக்கட்டளைப் பணத்தை யாருக்குச் செலவிடுவது என்ற சண்டை 1952க்கு வெகுமுன்பே நடந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மராட்டிய மன்னர்கள் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரியது. இச்சத்திரங்களுக்கு ஏராளமான நிலம் மானியம். பிற்காலத்தில் இவற்றின் நிர்வாகம் ஜில்லா போர்டுக்கு வந்தது. திருவையாற்றில் சத்திர வருமானத்தில் நடந்த கல்லூரியில் வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டது. ஏ.டி.பன்னீர்செல்வம் ஜில்லா போர்டுத் தலைவராக வந்தபோது, கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாரும் அவரும் சேர்ந்து அங்கே தமிழ் வித்துவான் படிப்பைக் கொண்டுவந்தார்கள். "மானியம் வடமொழிக்கு மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. ஒரத்தநாட்டுச் சத்திரத்திலும் இராசாமடத்திலும் பிராமணரல்லாத மாணவர்கள் தங்கிப் படிக்க விடுதிகள் வந்ததும் அக்காலத்தில்தான்.

வழிப்போக்கர் உண்பதற்கென்று விட்ட நெல்லை மாணவர் விடுதி உலைக்குத் திருப்பிவிட்ட காரியம் இது. இதற்கு எந்த அடிக்கல்லும் கிடையாது. ஆனால் டெல்டாவின் கல்லூரி வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கரந்தைச் சங்கம் 1911இல் தோன்றியது. அதன் புலவர் கல்லூரி 1938இல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் திருவையாறுதான் எங்களைப் போன்றவர்களின் ஆசிரியர்களுக்குச் சோறும் தமிழும் போட்டது.

மயிலாடுதுறை ஸ்டேஷன் எழுதியது:

அறக்கட்டளை என்று பேச்சு வந்ததால் எங்கள் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி 1955இல் தொடங்கியது. அந்த மூன்று எழுத்தை ஏதோ ஒரு பெரியவரின் தலைப்பெழுத்து என்று பல மாணவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அன்பநாதபுரம் வகையறா அறக்கட்டளை என்பதன் சுருக்கம் அது. தருமபுரம் ஆதீனத்தின் தமிழ்க் கல்லூரி அதற்கும் முந்தையது, 1946.

எதில் வந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் ஒரு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. மன்னம்பந்தலில் அது நிற்கும். பொறையாறு, ஆக்கூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு அந்த ரயில்தான் கல்லூரியின் முதல் மணி. 1986இல் பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளம் போனபின் பஸ் நெரிசல் என்னவென்று எங்கள் வயதினரைக் கேளுங்கள். கல்லூரி வளர்ச்சி என்று எழுதுகிறவர்கள் கட்டடத்தை அளக்கிறார்கள். வழித்தடம் குறைந்ததை யாரும் அளப்பதில்லை.

மன்னைக்காரன் எழுதியது:

ஒரு கல்லூரியையே இழந்த கதையும் இருக்கிறது. இன்று திருச்சியின் பெருமையாகச் சொல்லப்படும் தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில்தான் தொடங்கியது. 1883இல் திருச்சிக்குப் போய்விட்டது. எங்கள் மன்னார்குடியிலும் வெஸ்லியன் மிஷனின் பின்லே பள்ளியில் ஒரு காலத்தில் இண்டர்மீடியட் அளவில் கல்லூரி வகுப்புகள் நடந்தன. பிறகு அது பள்ளியாக மட்டும் நின்றது. தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் காலத்துத் தூய பேதுரு பள்ளிக்கும் இதே கதைதான். கல்லூரியாக உயர்ந்து, மீண்டும் பள்ளியானது.

ஆகவே வளர்ச்சி என்பது ஒரே ஏறுமுகம் என்று எழுதிவிடாதீர்கள். மன்னார்குடியில் அரசுக் கலைக்கல்லூரி 1971இல் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் எங்கள் ஊர்ப் பையன் பட்டம் படிக்க வேண்டுமானால் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ பூண்டிக்கோ போக வேண்டும். கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரம் போனவர்களும் உண்டு. வசதி இருந்தால் அறை எடுத்துத் தங்குவான். இல்லாவிட்டால் எஸ்.எஸ்.எல்.சி.யோடு ரைஸ்மில் கணக்குப்பிள்ளை ஆவான்.

கீழத்தஞ்சை எழுதியது:

மன்னைக்காரர் 1971 என்று சொன்னதால் கேட்கிறேன். தஞ்சை சரபோஜி 1955, மன்னம்பந்தல் 1955, அதிராம்பட்டினம் 1955, பூண்டி 1956. ஜில்லாவின் மேற்கும் வடக்கும் தெற்கும் பதினைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டன. கீழ்ப்பகுதிக்குத் திருவாரூர் திரு.வி.க. கல்லூரி 1970இல்தான் வந்தது, அதற்கு அடுத்த ஆண்டு மன்னார்குடி. நடுவில் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் கூலி விவசாயக் குடும்பத்தார் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி கேட்டுச் சங்கம் வைத்த மண்ணில் கல்லூரி கடைசியாக வந்தது தற்செயலா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தோழர், ஆண்டுகளை அருகருகே வைப்பதால் காரணம் நிரூபணமாகாது. மயிலாடுதுறையும் கிழக்குதான். அங்கே 1955இலேயே வந்துவிட்டதே. 1950களில் கல்லூரி வந்த இடங்களில் தனியார் அறக்கட்டளையோ, ஒரு பெரிய குடும்பமோ, மாவட்டத் தலைநகரம் என்ற தகுதியோ இருந்தது. திருவாரூரும் மன்னார்குடியும் அரசு வந்து கட்டும் வரை காத்திருந்தன. அப்போதைய முதலமைச்சர் கருணாநிதிக்குத் திருவாரூர் சொந்த வட்டாரம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இவை எல்லாம் சேர்ந்ததுதான்.

கீழத்தஞ்சை எழுதியது:

காரணம் நிரூபணமாகாது, சரி. ஆனால் கீழ்ப்பகுதியில் பெரிய மிராசுக் குடும்பங்கள் இல்லாமல் இல்லையே! ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். பூண்டியில் ஒரு குடும்பம் செய்ததை அங்கே ஏன் ஒருவரும் செய்யவில்லை? உங்கள் மலரில் நன்றி சொல்லும் பக்கம் இருக்கும். கொடுக்காதவர்களுக்கு என்று ஒரு பக்கம் இருக்காது. எனக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும்.

பூண்டிப் பழைய மாணவர் எழுதியது:

பூண்டி பெயர் இழுக்கப்பட்டதால் வருகிறேன். வீரையா வாண்டையார் நினைவு ஸ்ரீ புஷ்பம் கல்லூரி, 1956. சுற்றிலும் வயல். ரயிலில் வந்தால் சாலியமங்கலத்தில் இறங்க வேண்டும். ஒரு கிராமத்தில் கல்லூரி வைத்தது பெரிய முடிவு என்று இப்போது புரிகிறது. அன்று படிக்கும்போது "ஒரு சினிமாக் கொட்டகைகூட இல்லாத ஊரில் கொண்டுவந்து போட்டார்களே" என்றுதான் அலுத்துக்கொண்டோம்.

டெல்டாவில் விவசாயி மகனின் கல்லூரிக் கணக்கு எப்படி ஓடியது என்று சொல்கிறேன், வெண்ணாற்றங்கரை தம்பி குறித்துக்கொள்ளவும். கல்லூரி ஜூனில் திறக்கும். ஜூன் 12இல் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க வேண்டும். அதாவது விதைநெல், உழவு, நடவுக் கூலி என்று அப்பா கையில் இருப்பதையெல்லாம் வயலில் கொட்டும் மாதமும், பையன் சேர்க்கைக் கட்டணம் கேட்கும் மாதமும் ஒன்று. குறுவை அறுத்துப் பணம் வருவது புரட்டாசி, ஐப்பசி. சம்பா என்றால் தை தாண்டும். ஆகவே சேர்க்கைப் பணம் எப்போதும் கடன் பணம். நகை அடகுக் கடையில் ஆனி மாதக் கூட்டத்தைப் பார்த்தால் எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம். மேட்டூர் தாமதமாகத் திறந்த ஆண்டுகளில் குறுவையே இருக்காது, பையன் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிடுவான். எந்தக் கல்லூரி அறிக்கையிலும் "இடைநிற்றல்" பத்திக்குப் பக்கத்தில் அணையின் நீர்மட்டம் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருக்க வேண்டும்.

அதிரை அலைகள் எழுதியது:

எல்லோரும் நெல்லையே பேசுகிறீர்கள். காதிர் முகைதீன் கல்லூரிக்கு அதிராம்பட்டினம் மதரஸா டிரஸ்ட்தான் அடித்தளம். எங்கள் ஊர்க் குடும்பங்களின் பணம் வயலில் இருந்ததைவிடக் கடலிலும் கடல் தாண்டிய வியாபாரத்திலும் அதிகம் இருந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுவே பக்கத்துக் கல்லூரி. சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் அங்கே படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் கட்டணம் மேட்டூரைப் பார்க்காது, தேங்காய் விலையைப் பார்க்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. காய்க்கும் நிலைக்கு ஒரு தென்னை வர எத்தனை ஆண்டு என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை ஆண்டுகளும் அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பில் தெரிந்தன.

திருவாரூர்ப் பெண் எழுதியது:

இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள். "பையன்", "மகன்", "மாணவர்". ஒருவரும் பெண்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் ஆண்களுக்கு 1867இல் கல்லூரி. பெண்களுக்கென்று அரசு கல்லூரி வந்தது 1963இல். இடைவெளி 96 ஆண்டுகள். தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரி 1966. இவை வந்தபின்தான் எங்கள் அம்மா தலைமுறையில் ஒருசிலர் "பெண்கள் மட்டும் படிக்கும் இடம்" என்ற ஒரே காரணத்தால் வீட்டில் அனுமதி வாங்கினார்கள். பெண்கள் கல்லூரி பிற்போக்கா முற்போக்கா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் அந்த அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கேட்டுவிட்டு மேடையேறட்டும்.

அப்படியும் கல்லூரி இருந்தால் மட்டும் போதாது. கடைசி வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஊருக்குப் போகும் பஸ் இருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு ஒரே டவுன் பஸ். அது மாலையில் ஒருமுறை வரும், கூட்டமாக இருந்தால் நிற்காது. அதைத் தவறவிட்டால் மெயின் ரோட்டில் இறங்கி வாய்க்கால் கரையோடு இருட்டில் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையும் இருக்காது. என் தோழிகளில் படிப்பை நிறுத்தியவர்கள் மார்க் குறைந்து நிறுத்தவில்லை. "தினமும் யார் போய் அழைத்துவருவது?" என்ற கேள்விக்கு வீட்டில் ஆள் இல்லாமல் நிறுத்தினார்கள்.

இலவச பஸ் பாஸ், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் எல்லாம் வந்திருக்கின்றன. அந்த ஆயிரம் ரூபாயைக் கிண்டல் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் பெயரில் வங்கிக் கணக்கும் அதில் மாதாமாதம் பணமும் வருகிற பெண்ணை இடையில் நிறுத்திக் கல்யாணம் பேசுவதற்கு ஒரு வீடு கொஞ்சம் யோசிக்கும். அந்த யோசனைக்கான விலை ஆயிரம் ரூபாய் என்றால் மலிவுதான்.

பூண்டிப் பழைய மாணவர் எழுதியது:

தங்கை சொல்வது நியாயம். என் சொந்த அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். என் கட்டணத்துக்கு அடகு போனது அவர் வளையல்.

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் இந்தப் பகுதியின் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணியில்லாத ஆசிரியர். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

1978இல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு வந்து, கல்லூரிகளில் இருந்த பி.யூ.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு போனது. அதை யாரும் இங்கே சொல்லவில்லை. டெல்டாவின் சின்னக் கல்லூரிகளுக்கு அது பெரிய அடி. கிராமத்திலிருந்து வருகிறவர்கள் அந்த ஒரு வருடத்தில்தான் ஆங்கில வகுப்புக்குக் காது பழகுவார்கள். பி.யூ.சி. போனதும், கல்லூரிக்கு வரும்போதே மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் நேராக இறங்க வேண்டியதாயிற்று. மறுபக்கம், ஊருக்கு ஊர் மேல்நிலைப் பள்ளி வந்ததால், பதினொன்றாம் வகுப்புக்காகவே ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருந்த பிள்ளைகள் ஊரிலேயே தங்கினார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் எண்ணிக்கை பெருகியது, கல்லூரி வாசலில் கூட்டம் பெருகியது.

1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்ததும் சென்னையோடு இருந்த தொடர்பு முடிந்தது. மதிப்பெண் பட்டியலில் ஒரு பிழை என்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டிய காலம் போய், திருச்சிக்குப் பஸ் ஏறினால் போதும் என்றானது. பிறகு ஒரத்தநாடு, நன்னிலம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பல்கலைக்கழகமே உறுப்புக் கல்லூரிகளைத் தொடங்கியது. அவை பின்னர் அரசுக் கல்லூரிகள் ஆயின. இன்றைக்குத் தாலுகா தலைநகரில் கல்லூரி இருப்பது சாதாரணம். எண்ணிக்கையைப் பார்த்தால் பெருமைப்படலாம்.

உள்ளே வந்து பாருங்கள். ஒரே கட்டடத்தில் காலை ஒரு ஷிப்ட், பிற்பகல் ஒரு ஷிப்ட். பிற்பகல் ஷிப்ட்டுக்குப் பாடம் எடுப்பது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள். முனைவர் பட்டம், தகுதித் தேர்வு எல்லாம் முடித்தவர்கள். ஆண்டுக்குப் பதினொரு மாதச் சம்பளம். மே மாதம் நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று அரசு நினைக்கிறது போலிருக்கிறது. எங்கள் துறையில் நிரந்தரப் பேராசிரியர் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலி காலியாகிறது, இடம் காலியாவதில்லை. அங்கே இன்னொரு கௌரவ விரிவுரையாளர் வந்துவிடுகிறார். கல்லூரிகளின் வளர்ச்சியைப் பற்றி மலர் போடும் எல்லோரும் இந்தப் பத்தியை மட்டும் வெட்டிவிடுவார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வெட்ட மாட்டேன். வெட்டச் சொன்னால் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

சிகாகோவில் குடவாசல்காரன் எழுதியது:

நான் இருக்கும் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரிதான் அமெரிக்காவின் முதல் அரசு சமுதாயக் கல்லூரி. உயர்நிலைப் பள்ளிக்குள் ஆறு மாணவர்களோடு ஆரம்பித்தது. இந்த வகைக் கல்லூரியில் மாலையில் வேலை முடித்து வருகிறவர், நாற்பது வயதில் நர்சிங் படிக்க வருகிறவர், இரண்டாண்டு இங்கே படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்கிறவர் என்று எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். நம் டெல்டாவில் இத்தனை கல்லூரிகள் இருந்தும் பதினேழு வயதில் தவறவிட்டவன் மறுபடி நுழைய வழியில்லையே, ஏன்?

ஆடுதுறை விவசாயி எழுதியது:

குடவாசல் தம்பிக்கு: நம் நாட்டிலும் அந்த முயற்சி நடந்தது. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரி தொடங்கியது. அதன்பின் தமிழ்நாட்டிலும் தொண்டு நிறுவனங்கள், சபைகள் நடத்தின. திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அங்கீகாரம் கொடுத்தது. தையல், நர்சிங் உதவி, கம்ப்யூட்டர், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு என்ற அளவில் நின்றது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பி.ஏ. இரண்டாம் ஆண்டில் சேர முடியாது. ஏணி பாதியில் முடிந்தால் யார் ஏறுவார்கள்?

எனக்குள்ள ஆற்றாமை வேறு. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.டி.டி. என்ற பெயரில் நாடு முழுவதும் விதைத்த ரகங்கள் எங்கள் ஊரில் பிறந்தவை. ஆனால் நெற்களஞ்சியத்துப் பிள்ளை வேளாண்மையில் பட்டம் வாங்கக் கோயம்புத்தூருக்குப் போனான். ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி வந்தது 2014இல். பி.காம்., பி.சி.ஏ. எல்லாத் தாலுகாவிலும் இருக்கிறது. அறுவடை இயந்திரம் நடுவயலில் நின்றுவிட்டால் ஆத்தூரிலிருந்து மெக்கானிக் வரும் வரை நெல் மழையில் நனைகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அளக்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. இதற்கு ஆறு மாதப் படிப்பு ஒன்றை எந்தக் கல்லூரியாவது வைத்திருக்கிறதா?

பெயர் வேண்டாம் எழுதியது:

ஐயா, வைக்கலாம். அதற்கு ஆசிரியர் பணியிடம் கேட்டுக் கோப்பு போகும். காலியான நாற்காலிகளின் கதையை மேலே எழுதியிருக்கிறேன்.

குடந்தைத் தமிழாசிரியர் எழுதியது:

வெண்ணாற்றங்கரை தம்பி, இவ்வளவு பேச்சுக்கும் நடுவே உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நினைவை நம்பாதீர்கள். எங்களைப் போன்ற கிழவர்கள் தங்கள் காலத்தைப் பெரிதாக்கித்தான் சொல்வோம். ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்திலும் மாணவர் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். பெயர், பிறந்த தேதி, சாதி, சொந்த ஊர், முன்பு படித்த பள்ளி, தந்தையின் தொழில், கல்லூரியை விட்ட தேதி, விட்ட காரணம். கீழத்தஞ்சைத் தம்பி கேட்டதற்கும் திருவாரூர் அம்மா கேட்டதற்கும் பதில் அந்தப் பத்திகளில் இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா, அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பதிவேடுகள் இருக்கின்றன. சில கட்டு கரையான் அரித்துப் போனவை. மீதி படிக்கும் நிலையில் உள்ளன. முதல்வர் அனுமதி கொடுத்தார், வெளியே எடுத்துப்போகக் கூடாது என்ற நிபந்தனையோடு.

முதல் சில ஆண்டுகளில் தந்தை தொழில் என்ற இடத்தில் "மிராசு", "விவசாயம்", "வியாபாரம்", "கர்ணம்", "ஆசிரியர்". புரட்டிக்கொண்டே போனால் எழுபதுகளில் "கூலி" என்ற சொல் அங்கொன்று இங்கொன்றாகத் தலைகாட்டுகிறது. தொண்ணூறுகளில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான். விட்ட காரணம் என்ற பத்தியில் பெரும்பாலும் "படிப்பு முடிந்தது". முடிக்காதவர்களுக்கு "சொந்தக் காரணம்" என்று ஒரே முத்திரை. பூண்டி ஐயா சொன்ன மேட்டூர்க் கணக்கு அதில் கிடைக்காது.

கீழத்தஞ்சை எழுதியது:

மேட்டூர்க் கணக்கு கிடைக்கும். விட்ட தேதி இருக்கிறதல்லவா? அணை திறக்காத ஆண்டுகளின் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்துபோகிறதா என்று பார்த்துவிடலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன்: பெயரையும் சாதியையும் சேர்த்து அச்சிட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டில் எத்தனை பேர் என்ற மொத்தம் மட்டும் போதும். அப்பா கூலி என்று போட்ட பக்கத்தின் படத்தைப் பார்த்து இன்று தாசில்தாராக இருக்கும் மகன் மனம் நோகக் கூடாது. பெருமைப்படுகிறவரும் இருப்பார், அதை அவரே சொல்லிக்கொள்ளட்டும்.

திருவாரூர்ப் பெண் எழுதியது:

பெண்களின் எண்ணிக்கையைத் தனிப் பத்தியாக எடுங்கள். இருபாலர் கல்லூரியாக மாறிய ஆண்டிலிருந்து. ஊர்ப் பெயரையும் குறித்துக்கொண்டால் எந்த பஸ் தடத்து ஊர்களிலிருந்து வந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன், பகல் நேரத்தில் மட்டும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கட்டாயம் வாருங்கள் அம்மா. சனிக்கிழமைகளில் அலுவலகம் மதியம் வரை திறந்திருக்கும். 1990க்குப் பின் உள்ளவற்றை நான் தொடங்கிவிட்டேன், பழையவற்றை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து படிக்கத் தெரிந்தவர் வேண்டும். தமிழாசிரியர் ஐயா வருவதாக இருந்தால் பஸ் நிலையத்தில் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். கும்பகோணத்துக்குத் தனி அத்தியாயம் பற்றி வழியில் பேசிக்கொள்ளலாம், வாக்குறுதி எதுவும் தரவில்லை.